கேட்டோர் வரலாறு: காரைதீவுக் கரையின் இசை நினைவுகள்

தமிழிசை வரலாறு இதுகாறும் பாடியோரின் வரலாறாகவும் இயற்றியோரின் வரலாறாகவுமே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. பாட்டைக் கேட்டு, அதனைத் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட மக்கள் அவ்வரலாற்றில் அவையோராக மட்டுமே தோன்றி மறைகின்றனர். கேட்போரின்றி இசை இல்லை. ஆதலின், அவர்தம் நினைவுகளும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளற்பாலன என்பதே இக்கட்டுரையின் துணிபு. காரைதீவையும் அதனையடுத்த கல்முனைக் கரையையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

காரைதீவு, வடக்கே சாய்ந்தமருதுக்கும் தெற்கே நிந்தவூருக்கும் இடையே அமைந்த தமிழ்க் கிராமம். இருபுறமும் முஸ்லிம் ஊர்கள், கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இசைத்தட்டும் வானொலியும் வருமுன்னரே இக்கரை இசையால் நிறைந்திருந்தது. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை காவியம் பாடப்பட்டது. முஸ்லிம் ஊர்களில் பக்கீர்மாரின் றபான் ஒலித்தது. வயலிலும் வாசலிலும் பாடப்பெற்ற நாட்டுக் கவிகளோ இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை. பின்வந்த ஒலிக்கருவிகள் ஏற்கனவே பண்பட்டிருந்த செவிகளையே வந்தடைந்தன.

இவ்வூரிற் பிறந்தவர் சுவாமி விபுலானந்தர் (1892-1947). அவருடைய 'யாழ்நூல்' நமது பொருளுக்கு அரியதொரு பாடத்தைத் தருகின்றது. யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பன்னூறு ஆண்டுகள் கழிந்தபின்னர், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளை அடிப்படையாகக் கொண்டு, கணித அறிவின் துணையோடு அதனை மீட்டெடுக்க அவர் முயன்றார். பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவ்வாண்டு யூலை 19ஆந் திகதி அடிகளார் மறைந்தார். யாழைக் கேட்டோரின் செவி நினைவு தலைமுறைவழித் தொடர்ந்திருப்பின், ஓர் அறிஞர் தம் வாழ்நாளின் இத்துணைப் பகுதியைக் கணக்கீட்டிற் செலவிட நேர்ந்திராது. நூல் எஞ்சியும் ஒலி மறைந்தமையே அங்கு நேர்ந்த இழப்பு.

இருபதாம் நூற்றாண்டு ஒலியைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டது. 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது. 1908இல் அந்நகரின் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் ஆகியோரின் குரல்கள் கடல் கடந்து இலங்கையையும் எட்டின. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். ஆகவே விரிந்த ஆலாபனை சுருங்கியது; பாடகர் சாரத்தை மட்டும் தரவேண்டியவரானார். கேட்போரின் பழக்கமும் மாறியது. கச்சேரியில் ஒருமுறை கேட்டு மறந்ததனை இப்போது நூறு முறை கேட்கலாயினர். கீறல் விழுந்த தட்டில் ஊசி தாவும் இடத்தையும் பாட்டின் உறுப்பாகவே மனத்திற் பதித்து, பின்னாளில் வாய்விட்டுப் பாடும்போது அவ்விடத்திற் சற்றே தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் எந்த இசை நூலிலும் இடம்பெறாத ஒரு வரலாற்றுக் குறிப்பு.

கிராமபோன் பெட்டி வசதி படைத்தோர் வீட்டுப் பொருள். இசையைப் பொதுவுடைமையாக்கியது வானொலியே. கொழும்பில் 1925 டிசெம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் 'றேடியோ சிலோன்' ஆயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடங்கொடுக்க மறுத்தமையால், இந்திய நேயர்களும் கொழும்பை நோக்கிச் செவிசாய்த்தனர். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பின்னரும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழகத்தில் இருந்த மதிப்புக் குன்றவில்லை. எஸ். பி. மயில்வாகனம் முதலாகப் பின்வந்த கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்களும் பாடகர்களுக்கு நிகரான புகழெய்தினர்.

'நீங்கள் கேட்டவை' போன்ற நிகழ்ச்சிகளை இங்கு சிறப்பாகக் கருதவேண்டும். அஞ்சலட்டையில் விருப்பப் பாடலை எழுதியனுப்பிய நேயர்களின் பெயரும் ஊரும் வானொலியில் வாசிக்கப்பட்டன. இந்து, இஸ்லாமிய, கிறித்தவப் பெயர்கள் ஒரே பாடலின் முன் ஒரே வரிசையில் நின்றன. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் கம்பீரக் குரலைத் தமிழ் ஊர்த் தேநீர்க் கடைகளும், டி. எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களை அயலூர் முஸ்லிம்களும் அறிந்திருந்தமைக்கு இவ்வானொலியும் திருவிழா, கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளுமே காரணமாயின. ஒலிபெருக்கி ஊரெல்லையை அறியாது. சாய்ந்தமருதில் ஒலித்தது காரைதீவிலும் கேட்டது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை பரவியபோது, இளைஞர் முதன்முறையாகத் தம் நாட்டுப் பேச்சுவழக்கையே பாட்டாகக் கேட்டனர்.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் கசற் கருவியை வீடுதோறும் கொணர்ந்தன. நேயர் இப்போது தாமே தொகுப்பாளரானார். விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டு, ஒலிப்பதிவு நிலையத்திற் கொடுத்து நாடாவிற் பதிந்து பெற்றார். வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வந்த நாடாக்களிற் பாட்டுக்கிடையே தந்தையின் குரலும் இருந்தது. அத்தகைய நாடா இசைச் சேமிப்பாகவும் குடும்ப ஆவணமாகவும் ஒருங்கே விளங்கியது.

இப்பொதுச் செவி இருமுறை பேரிடிக்கு உள்ளாயிற்று. 1985 ஏப்ரலில் காரைதீவில் நிகழ்ந்த வன்முறையும், அதனைத் தொடர்ந்த ஆண்டுகளின் கசப்பும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்தன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திற் பறித்தது. மனித உயிரின் முன் பொருளிழப்பைப் பேசுதல் தகாது. எனினும், கரையோர வீடுகளோடு தட்டுகளும் நாடாக்களும் படங்களும் போயின என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே.

நினைவு பிழைபடாதோ எனின், பிழைபடும். ஆயினும் அதனைச் சோதிக்க வழியுண்டு. வர்த்தக சேவையிற் கேட்டதாக ஒருவர் கூறின், அது 1950க்கு முற்பட்டதாகாது. 'ஹரிதாஸ்' படப் பாடலைக் கேட்ட நினைவு 1944க்கு முற்செல்லாது. நிலையத்தின் பெயரும் ஒரு காலக் குறிப்பே: 'றேடியோ சிலோன்' 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று, 1972இல் இலங்கைப் பெயர் பெற்றது. ஆண்டு தவறினும் உணர்வு தவறுவதில்லை. எந்தப் பாட்டு யாருடைய வீட்டில், யாருடன் இருந்து கேட்கப்பட்டது என்பதனை நினைவு வியப்பூட்டும் துல்லியத்துடன் காத்துவைத்துள்ளது. நமக்கு வேண்டுவதும் அதுவே. அயலவர் வீட்டு வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒருவரின் கூற்று, இரு சமூகங்களும் எவ்வாறு வாழ்ந்தன என்பதற்கும் சான்றாகின்றது.

இப்பணி பெருஞ் செலவை வேண்டுவதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் முதியோர் ஒருவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: முதலிற் கேட்ட பாட்டு எது? எங்கே, யாருடன் கேட்டீர்? இன்று அதனைப் பாடிக்காட்ட இயலுமா? காரைதீவில் தமிழ் முதியவரிடம் கேட்பவர், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அவருடைய வயதினரைத் தேடிச்சென்று கேட்டல் வேண்டும். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இத்தொகுப்புக்கு உகந்த இல்லங்களாம்.

இருபத்தைந்து அடிகளிலிருந்து யாழை மீட்க அடிகளார் பதினான்கு ஆண்டு உழைத்தார். நம் முன்னோ கேட்ட செவிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை அடங்கிய பின்னர் எத்துணைக் கணிதமும் அவற்றை மீட்டுத் தராது.