கோரிங் இடைவெளி: தேம்ஸ் பள்ளத்தாக்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் சேரும் இடத்து நடைவழிகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ரெடிங் நகருக்கு வடமேற்கே, சீமைச்சுண்ணாம்புக் குன்றுத் தொடரை அறுத்துக்கொண்டு தேம்ஸ் ஆறு தெற்கு நோக்கி இறங்கும் இடம் கோரிங் இடைவெளி. கிழக்குக் கரையில் ஆக்ஸ்போர்டுஷயரைச் சேர்ந்த கோரிங், மேற்குக் கரையில் பெர்க்‌ஷயரைச் சேர்ந்த ஸ்ட்ரீட்லி என இரண்டு ஊர்கள் எதிரெதிரே உள்ளன. ஒரே குன்றுத் தொடர் ஆற்றுக்குக் கிழக்கே சில்டர்ன் குன்றுகள் என்றும் மேற்கே பெர்க்‌ஷயர் டவுன்ஸ் என்றும் அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தின் தேசிய நடைவழிகளுள் இரண்டு இங்கே சந்திக்கின்றன. முகட்டை ஒட்டிச் செல்லும் ரிட்ஜ்வே 139 கிலோமீட்டர் நீளம்; ஆற்றை ஒட்டிச் செல்லும் தேம்ஸ் பாதை சுமார் 296 கிலோமீட்டர்.

இரண்டையுமே தொன்மையான பாதைகள் என்று வழிகாட்டி நூல்கள் வருணிக்கின்றன. காலடி பட்ட காலத்தைக் கணக்கிட்டால் அது சரிதான். ஆனால் இன்று ஒருவர் இவற்றில் தடையின்றி நடக்க முடிவதற்குக் காரணம் 20-ஆம் நூற்றாண்டில் நடந்த போராட்டமும் சட்டமும். மந்தைகள் முகட்டைக் கைவிட்ட பிறகும் படகை இழுத்த குதிரைகள் ஆற்றங்கரையைக் கைவிட்ட பிறகும், வேலை இழந்த பாதைகளாக இவை அழியவிருந்தன. நடப்பதற்காகவே நடந்தவர்கள் மீட்டெடுத்தார்கள்.

நிலமும் நீரும்

இக்குன்றுகள் கடலடியில் பிறந்தவை. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்து படிந்து இந்த வெண்பாறை ஆயின. அதனூடே கருநிறச் சக்கிமுக்கிக் கற்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. மழைநீர் இப்பாறையில் நிற்பதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் மேட்டில் ஓடை கிடையாது. இறங்கிய நீர் குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஊர்கள் அந்த ஊற்றுவரிசையை ஒட்டியே அமைந்தன.

இப்பகுதிப் பாதைகளின் வரலாற்றுக்குத் திறவுகோல் இந்த நீர்ப்போக்குதான். அடிவாரத்துக் களிமண் குளிர்காலத்தில் சேறாகி வண்டிச் சக்கரத்தை விழுங்கியபோது, முகடு காய்ந்து கிடந்தது. கோடையில் கீழ்வழி, மாரியில் மேல்வழி எனப் பயணிகள் மாறி மாறிச் சென்றனர். அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் இக்னீல்ட் வே, முகட்டின் ரிட்ஜ்வே இரண்டும் நீண்ட காலம் ஒரே போக்குவரத்தின் இரு கிளைகளாகவே இருந்தன.

முகட்டுப் பாதை

ரிட்ஜ்வே நடைவழி ஏவ்பரி கல்வட்டத்துக்கு அருகிலுள்ள ஓவர்டன் குன்றில் தொடங்கி, வடகிழக்கே சென்று, 233 மீட்டர் உயரமுள்ள ஐவிங்ஹோ பீக்கனில் முடிகிறது. மேற்குப் பாதியில் பார்பரி, லிடிங்டன், அஃபிங்டன், செக்ஸ்பரி என இரும்புக்காலக் குன்றுக்கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேலண்ட்ஸ் ஸ்மிதி என்னும் நீள்மேட்டுக் கல்லறை இவற்றையெல்லாம்விடப் பழையது. கி.மு. 3600-க்கும் 3400-க்கும் இடையே அது இரு கட்டங்களில் எழுப்பப்பட்டது; முதற்கட்டக் கல்லறையில் 14 பேரின் எலும்புகள் இருந்ததை 1962, 1963 அகழாய்வுகள் காட்டின. பின்னாளில் வந்த சாக்சன் மக்கள் அதைத் தங்கள் புராணக் கொல்லன் வேலண்டின் பட்டறையாகக் கண்டார்கள். லாடம் இழந்த குதிரையை அங்கே கட்டி ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால், காலையில் லாடம் அடித்திருக்கும், காசு போயிருக்கும் என்பது அவ்வட்டாரக் கதை.

அங்கிருந்து சிறிது தொலைவில் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை இருக்கிறது. சரிவில் பள்ளம் வெட்டி, நொறுக்கிய சுண்ணாம்பை நிரப்பி வரைந்த 110 மீட்டர் நீள உருவம் அது. மண்ணில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று அளக்கும் முறையால் 1990-களில் சோதித்ததில், அது கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடையே உருவானது எனத் தெரிந்தது. சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். மூவாயிரம் ஆண்டுகளாக அது தெரிகிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ மண்டியிட்டுக் களை பறித்து, புதிய சுண்ணாம்பைக் கொட்டி, மட்டையால் அடித்து இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அவ்வேலை இன்றும் தன்னார்வலர்களால் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும், ஜெர்மன் விமானிகளுக்கு அடையாளம் ஆகிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அதை மூடி வைத்தார்கள்.

கல்லறையும் கோட்டையும் பாதையோரம் இருப்பதால் பாதையும் அதே வயதினது என்று முடிவு கட்டுவது எளிது. அப்படித்தான் நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆனால் ஓவர்டன் பக்கத்தில் நடந்த ஆய்வுகளில், இன்றைய தடம் பழைய வயல்வரப்புகளின் மேலாகச் செல்வது தெரியவந்தது. அந்த இடத்தில் தடம் வயல்களுக்குப் பிந்தியது. 10-ஆம் நூற்றாண்டுச் சாக்சன் நிலப் பட்டயங்களில் முகட்டுப் பாதை குறிப்பிடப்படுகிறது என்பது மட்டும் உறுதி. அதற்கு முந்திய காலத்தில், மேட்டுநிலத்தின் அகலம் முழுவதும் மக்களும் விலங்குகளும் விருப்பம்போல் நகர்ந்த ஒரு பரந்த வழித்தடம் இருந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். ஒரு சுவடு சேறானால் பக்கத்தில் இன்னொன்று விழும். கி.பி. 871-இல் ஆல்ஃபிரெடும் அவர் அண்ணன் ஏதல்ரெடும் டேனியர்களை வென்ற ஆஷ்டவுன் போர் இந்த மேட்டுநிலத்தில்தான் எங்கோ நடந்ததாகக் கருதப்படுகிறது.

பாதையை ஒரு கோடாக ஆக்கியவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுப் பங்கிட்ட சட்டங்கள். நிலம் தனியாருக்குப் போனபோது, இரு வேலிகளுக்கு இடையே இத்தனை அடி அகலம் பொதுவழி என்று குறித்து வைத்தார்கள். மந்தைகள் செல்ல வேண்டியிருந்ததால் அந்த அகலம் தாராளமாகவே இருந்தது. வேல்ஸிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டி வந்தவர்களுக்கு முகட்டில் சுங்கச்சாவடி இல்லை, புல்லுக்குக் காசு இல்லை. பாதைக்குத் தெற்கே உள்ள ஈஸ்ட் இல்ஸ்லியின் ஆட்டுச் சந்தை, லண்டன் ஸ்மித்ஃபீல்டுக்கு அடுத்தபடி பெரியது என்று பெயர் பெற்றிருந்தது. ரயில் வந்ததும் கால்நடைகள் பெட்டியேறின. சந்தை தேய்ந்து 1934-இல் நின்றது. அகலமான புல்வழி ஆளில்லாமல் கிடந்தது. எழுத்தாளர் எட்வர்ட் தாமஸ் இக்னீல்ட் வே பற்றிய தம் நூலை 1913-இல் வெளியிட்டபோது அவர் நடந்தது அத்தகைய பாதைகளில்தான்.

ஆற்றங்கரைப் பாதை

ஆற்றின் கதை வேறு. இங்கே பாதை நடப்பவருக்காக உண்டானதன்று. சரக்குப் படகை இழுப்பதற்காக உண்டானது. முதலில் ஆட்கள் தோளில் கயிறு போட்டு இழுத்தார்கள், பிறகு குதிரைகள். ஆலைகளுக்காகக் கட்டிய தடுப்பணைகளில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டு, பாயும் வெள்ளத்தோடு படகை இறக்குவார்கள். ஏற்றத்துக்கு எதிர்நீரில் உருளைக் கயிற்றால் இழுப்பார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை அது. 1787-இல் கோரிங்கிலும் சற்று மேலே கிளீவிலும் இரு கதவுகள் கொண்ட படகு மதகுகள் வந்த பிறகுதான் அந்த ஆபத்து தணிந்தது.

ஆற்றைக் கடப்பதும் அச்சம் தருவதாகவே இருந்தது. 1674-இல் கோரிங்கில் நடந்த விழாவுக்குச் சென்று ஸ்ட்ரீட்லிக்குத் திரும்பியவர்களின் ஓடம் தடுப்பணை அருகே கவிழ்ந்து, ஏறத்தாழ 60 பேர் மூழ்கினர். சிற்றூர்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் முதல் பாலம் வர 1837 ஆனது. இன்றுள்ள பாலம் 1923-இல் கட்டப்பட்டது.

முதல் பாலம் வந்த மூன்றே ஆண்டுகளில், 1840-இல், பொறியாளர் புருனெலின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை இதே இடைவெளி வழியாக வந்தது. செங்கல் வளைவுகள் கொண்ட அவருடைய பாலங்கள் இன்றும் ரயிலைச் சுமக்கின்றன. சரக்கு ரயிலுக்கு மாறியதும் இழுபாதைக்கு வேலை போயிற்று. அப்பாதை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அடிக்கடி மாறும். மாறும் இடங்களில் குதிரையை ஏற்றிச் செல்ல ஓடம் இருக்கும். ஓடங்கள் ஒவ்வொன்றாக நின்றபோது பாதை துண்டு துண்டாக அறுந்தது. கோரிங்குக்குக் கீழே கேட்ஹாம்டன் ஓடம் இல்லாமற்போனதால்தான், இன்று தேம்ஸ் பாதையில் நடப்பவர் ஆற்றை விட்டு விலகி ஹார்ட்ஸ்லாக் காட்டுச் சரிவில் ஏறி விட்சர்ச்சுக்கு இறங்குகிறார். ஆற்றுப் பாதை என்று வந்தவருக்கு மூச்சு வாங்கும். ஆனால் மரங்களுக்கு இடையே கீழே நதி வளைந்து செல்வதைக் காண இதைவிட நல்ல இடம் இவ்வழியில் இல்லை.

அதே ஹார்ட்ஸ்லாக்கில், செங்குத்தான சுண்ணாம்புப் புல்வெளியில், குரங்கு ஆர்க்கிட் பூக்கிறது. பிரிட்டனில் அது இயற்கையாக வளரும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மே மாதக் கடைசியில் குனிந்து பார்த்தால், வெளிர் ஊதா நிறத்தில் மெல்லிய கைகால்களும் நடுவே ஒரு சிறு வாலும் கொண்ட பூக்கள் ஒரே தண்டில் கொத்தாகத் தொங்கும். கொத்தின் உச்சிப்பூ முதலில் மலர்வது இதன் தனித்தன்மை. மண் ஏழையாக இருப்பதால்தான் இங்கு செடிவகை செழிக்கிறது. உரமிட்டால் தடித்த புற்கள் முந்திக்கொண்டு மற்றவற்றை அழுத்திவிடும். ஆடுகள் மேய்வது நின்ற சரிவுகளில் புதர் மண்டி, பல நூற்றாண்டுப் புல்வெளிகள் மறைந்தன. ஆற்றுக்கு எதிர்ப்புறம் ஸ்ட்ரீட்லிக்கு மேலுள்ள லார்டன் சேஸ் சரிவை நேஷனல் டிரஸ்ட் பாதுகாத்து வருகிறது.

உரிமையின் வரலாறு

இங்கிலாந்தில் நிலம் யாருடையதாக இருந்தாலும், அதன் குறுக்கே பொதுவழி இருந்தால் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஒருமுறை பொதுவழி ஆனது, சட்டப்படி நீக்கப்படும்வரை பொதுவழியே. ஆனால் எந்த வழி பொதுவழி என்பதற்குப் பதிவு இல்லாமல் இருந்ததால், வேலி போட்டவர் கையே ஓங்கியது. 1932-இல் வடக்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினர். சிலர் சிறை சென்றனர். 1935-இல் நடைப்பயணிகளின் சங்கம் உருவானது. அதே ஆண்டு டாம் ஸ்டீஃபன்சன் என்னும் பத்திரிகையாளர் நாட்டுக்கு ஒரு நெடும் பசும்பாதை வேண்டும் என்று எழுதினார். 1947-இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய ஹாப்ஹவுஸ் குழுவின் அறிக்கை, 1949-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் என அது வளர்ந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பொதுவழிகளை அளந்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயமாக்கியது. சலிப்பூட்டும் அலுவலக வேலைபோலத் தோன்றும் இப்பதிவே மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய சாதனை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதல் நெடும்பாதையான பென்னைன் வே 1965-இல் திறக்கப்பட்டது. ரிட்ஜ்வே 1973-இல் வந்தது. அது ஒரே பழம்பாதை அன்று: மேற்கே முகட்டுப் பாதை, கோரிங்கிலிருந்து மாங்வெல் வரை ஆற்றோரம், பிறகு கிரிம்ஸ் டிச் என்னும் பழைய மண்கரையின் மேல் நேர்கோடாக நஃபீல்டு வரை, அப்பால் இக்னீல்ட் வேயின் துண்டுகளும் பீச் காடுகளும். மாங்வெல்லுக்கும் கோரிங்குக்கும் இடையே சில மைல்களுக்கு இக்கரையில் ரிட்ஜ்வேயும் அக்கரையில் தேம்ஸ் பாதையும் ஒன்றையொன்று பார்த்தபடி செல்கின்றன. தேம்ஸ் பாதை 1987-இல் ஏற்கப்பட்டு, அறுந்த இடங்களில் நடைபாலங்கள் கட்டி, 1996-இல் திறக்கப்பட்டது.

பதிவின் வலிமைக்குச் சான்று செக்கர்ஸில் கிடைக்கிறது. பிரதமரின் நாட்டுப்புற மாளிகை அது. வளாகத்துக்குள் அத்துமீறி நுழைவது குற்றம். ஆயினும் ரிட்ஜ்வே அம்மாளிகைக்குச் செல்லும் சாலையைக் குறுக்கே கடந்து போகிறது. முதுகுப்பையுடன் வருபவர் யாரையும் கேட்காமல் கடந்து செல்லலாம்.

இன்றைய நிலை

சில்டர்ன் குன்றுகளுக்கு 1965-லும் வட வெசக்ஸ் டவுன்ஸுக்கு 1972-லும் நிலக்காட்சிப் பாதுகாப்பு கிடைத்தது. இங்கிலாந்தில் அழிந்துபோயிருந்த ரெட் கைட் பருந்துகளை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இப்போது கோரிங் வானில் பிளவுபட்ட வாலைத் திருப்பியபடி அவை வட்டமிடாத நாள் குறைவு. ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதியில் மோட்டார் வாகனங்கள் செல்லவும் பழைய உரிமை இருந்ததால், ஈரக் காலத்தில் சக்கரங்கள் பாதையை ஆழமாகக் கிழித்தன. பலகாலப் புகார்களுக்குப் பின் பல பகுதிகளில் குளிர்கால வாகனத் தடை வந்தது. ஈரம் பட்ட சுண்ணாம்பு சோப்பைவிட வழுக்கும் என்பதால் நடப்பவர்களும் அக்காலத்தில் ஊன்றுகோல் கொண்டு செல்வது நல்லது.

முழு ரிட்ஜ்வேயையும் நடக்கப் பெரும்பாலோர் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓக் கொட்டை பொறித்த வழிகாட்டிக் கம்பங்கள் திருப்பங்களைக் காட்டும். கோரிங் மற்றும் ஸ்ட்ரீட்லி ரயில் நிலையத்தில் இறங்கி, எந்தப் பக்கமும் ஒருநாள் நடையாகவும் போய்வரலாம். ஏவ்பரியிலிருந்து ஸ்ட்ரீட்லி வரையிலான முகட்டில் கடைகளும் விடுதிகளும் மிக அரிது. பாதையோரம் சில இடங்களில் மட்டுமே குடிநீர்க் குழாய்கள் உள்ளன. மற்றபடி தண்ணீர் வேண்டுமென்றால் அடிவார ஊர்களுக்கு இறங்கித்தான் வர வேண்டும்.