வானில் ஒரு படுக்கை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், நெடுமங்காட்டைக் கடந்து சென்றால் வித்துரா என்னும் ஊர் வருகிறது. மலையடிவாரத்தில் அமைந்த அமைதியான ஊர் அது. அங்கிருந்து கடல் கடந்து செல்வோர், பேருந்தேறித் தலைநகரை அடைந்து, சங்குமுகம் கடற்கரையை ஒட்டியுள்ள விமான நிலையத்துக்கு வருகின்றனர். பொருள் தேடி வளைகுடா நாடுகளுக்குப் போகும் இளைஞரும் அவர்களுள் உண்டு. தொலைநாட்டில் வாழும் மக்களைக் காணப் போகும் முதியோரும் உண்டு.

அத்தகைய இல்லமொன்றில் எழக்கூடிய வினாவை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள தாயைப் பதினான்கு மணி நேரம் ஒடுங்கிய இருக்கையில் உட்கார வைத்து அனுப்புவதா? அன்றி, முன்பின் கேள்விப்படாத ஒரு விமான நிறுவனத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ‘பிசினஸ் கிளாஸ்’ என்னும் வணிக வகுப்பில் படுக்க வைத்து அனுப்புவதா? சேமிப்பின் பெரும்பகுதி இதில் அடங்கியிருப்பதால், இது சிறிய வினா அன்று. காலை நீட்டிப் படுப்பது வானத்தில் எப்போது விலைப்பொருளாயிற்று, அவ்விலை எவ்வாறு இறங்கிற்று என்னும் வரலாற்றை அறிந்தால், இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதாகும்.

நம் முன்னோர் கப்பலில் கடல் கடந்தனர். 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிச் சென்றது. ஒரே தடவையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அவர்களுக்கு அறையில்லை, கட்டிலும் இல்லை. நெருக்கமும் வெயிலும் உப்புக் காற்றும் அவர்கள் பட்ட பாடு. ஆயினும் பாயை விரித்து உடலைச் சாய்க்க ஏழைக்கும் ஓர் இடம் இருந்தது. விமானத்தில் பணம் படைத்தவர்க்கே உரியதாகிவிட்ட ஒரு வசதி, கப்பலில் எல்லாரினும் குறைந்த கட்டணம் கொடுத்தவனுக்கும் கிட்டியது. இந்த முரண்பாடே நம் வரலாற்றின் தொடக்கம்.

திருவனந்தபுரத்துக்கு விமானம் வந்தது 1935-ஆம் ஆண்டு. அதற்கு முயன்றவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் கோதவர்ம ராஜா. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள், டாட்டா நிறுவனத்தின் விமானம் திருவிதாங்கூரின் ‘அஞ்சல்’ பையைச் சுமந்து பம்பாய்க்குப் பறந்தது. அக்காலத்தில் டாட்டா நிறுவனம் பயன்படுத்திய ‘பாக்ஸ் மாத்’ விமானம் விந்தையானது. மூன்று நான்கு பேர் அமரத்தக்க சிறு அறை முன்னால் மூடியிருக்கும். விமானியோ பின்னால் திறந்த வெளியில் காற்றை எதிர்த்து உட்கார்ந்திருப்பார். அங்கே வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடிதமே முதன்மைப் பொருள். மனிதன் மிச்சமிருந்த இடத்தில் ஏறிக்கொண்டான்.

போருக்குப் பின் நெடுந்தொலைவுப் பயணம் தொடங்கிற்று. 1948 ஜூன் 8-ஆம் நாள், ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. ‘மலபார் பிரின்ஸஸ்’ என்பது அதன் பெயர். நம் அண்டை நாடான இலங்கையும் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏர் சிலோன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விமானம் விட்டது. 1949-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் துணையோடு லண்டனுக்கும் பறந்தது. சிறிய நாடும் நீண்ட வழியில் துணிந்து செல்லலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

அந்நாளில் நெடுவழி விமானங்களில் பெரும்பாலும் ஒரே வகுப்பே இருந்தது. அது செல்வர் வகுப்பு. ‘ஸ்ட்ராட்டோகுரூசர்’ என்னும் பெரிய விமானத்தில் புகைவண்டியில் உள்ளதுபோன்ற படுக்கைகளும் இருந்தன. ஏழை வானத்தில் ஏறவே இல்லை. ஆதலால் அவனை எங்கே அமர்த்துவது என்னும் வினாவும் எழவில்லை.

1952-ஆம் ஆண்டு அட்லாண்டிக் மாகடல் வழியில் ‘டூரிஸ்ட்’ வகுப்பும், 1958-ஆம் ஆண்டு அதனினும் மலிவான ‘எக்கானமி’ வகுப்பும் தோன்றின. அதே விமானத்தில் இருக்கைகளை நெருக்கிப் போட்டு, பலரை ஏற்றிக் கட்டணத்தைக் குறைத்தனர். இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நடுத்தரக் குடும்பத்தினர் வானத்தில் அடி வைத்தது இவ்வாறுதான். ஆயின், விலை குறைந்தபோது காலுக்குரிய இடமும் குறைந்தது.

அக்காலத்தில் விமானக் கட்டணங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு ஹவானா நகரில் அமைக்கப்பட்ட சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளே அவற்றை வகுத்தன. அச்சங்கத்தின் விலைக்கட்டுக்கு உட்படாமல் நின்றது ஐஸ்லாந்து நாட்டின் லாஃப்ட்லெய்டிர் என்னும் சிறு நிறுவனம். பழைய விசிறி விமானங்களைக் கொண்டு, நியூயார்க்கிலிருந்து தன் தாய்நாட்டு வழியாக லக்ஸம்பர்குக்கு அது பயணிகளை அழைத்துச் சென்றது. நேரம் அதிகமானாலும் கட்டணம் குறைவு. மாணவர்கள் திரண்டு வந்தனர். பெரிய நிறுவனங்கள் வகுத்த விலையைச் சிறிய நிறுவனம் ஒன்று சுற்றுவழியால் உடைத்த கதை இது. இன்றுவரை சிறு நிறுவனங்கள் கையாளும் முறையும் இதுவே.

வணிக வகுப்பு பிறந்த வரலாறு சுவையானது. 1970-களில் முன்கூட்டியே சீட்டு வாங்குவோர்க்குப் பெருந்தள்ளுபடி கொடுக்கப்பட்டது. 1977-ஆம் ஆண்டு பிரெடி லேக்கர் என்பவர் ‘ஸ்கைட்ரெயின்’ என்ற பெயரால் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுக்குச் சீட்டு விற்றார். இந்நிலையில், அலுவல் காரணமாகக் கடைசி நாளில் முழுக் கட்டணம் செலுத்திய வணிகர், தள்ளுபடிச் சீட்டு வாங்கியவரின் அருகிலேயே அதே இருக்கையில் இடிபட நேர்ந்தது. அவர் குறைகூறாமல் இருப்பாரா? எனவே 1978, 1979-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், பான் அமெரிக்கன், குவான்டாஸ் முதலிய நிறுவனங்கள் முழுக் கட்டணத்தாருக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கின. நம் இரயில்களில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையே ஒரு காலத்தில் ‘இன்டர்’ வகுப்பு இருந்ததன்றோ? அதுபோன்றதோர் இடைவகுப்பே இது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வணிக வகுப்பிலேயே முழுதும் சாயும் படுக்கையை அமைத்தது. இடைவகுப்பு முதல் வகுப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி, பெயர் பெறாத நிறுவனம் இப்படுக்கையை ஏன் மலிவாகக் கொடுக்கிறது என்று பார்ப்போம். சிறிய நாட்டின் நிறுவனத்துக்கு உள்நாட்டுப் பயணிகள் போதார். ஆகவே ஒரு நாட்டாரை ஏற்றித் தன் தலைநகரில் இறக்கி, வேறு விமானத்தில் மற்றொரு நாட்டுக்கு அனுப்புகிறது. நேர்வழியை விட்டுச் சுற்றி வருபவருக்கு, இழந்த நேரத்துக்கு ஈடாக விலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பெயர் இல்லாமையால் பெயருக்கென்று விலை கேட்கவும் இயலாது. மேலும், விமானம் எழுந்த பின் காலியாக இருக்கும் படுக்கை விற்க முடியாத சரக்கு. நேற்றைய காலியிடத்தை இன்று விற்பார் எவரும் இலர். 2010-ஆம் ஆண்டில் மலேசியாவின் ஏர் ஏசியா எக்ஸ் என்னும் மலிவு நிறுவனமே சாய்படுக்கை இருக்கைகளை அமைத்தது. மலிவும் படுக்கையும் ஒரே விமானத்தில் சேரலாம் என்பதை உலகம் கண்டது.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. லேக்கரின் நிறுவனம் 1982 பிப்ரவரியில் நொடித்தது. சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானோர் வழியிலே தவித்தனர். முழு விமானத்தையும் வணிக வகுப்பாக்கிக் குறைந்த விலைக்கு விற்க முற்பட்ட மேக்ஸ்ஜெட், ஈயோஸ், சில்வர்ஜெட் ஆகிய மூன்றும் 2007 டிசம்பர் முதல் 2008 மே வரையிலான சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து மறைந்தன. எரிபொருள் விலை ஏறும்போது முதலில் சாய்வது கையிருப்பில்லாத நிறுவனமே. மலிவாக வாங்கிய படுக்கை, நிறுவனம் வீழ்ந்தால் வெறுங்காகிதம் ஆகிவிடும்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2005 ஏப்ரல் 29-ஆம் நாள், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்னும் குறைந்த கட்டண நிறுவனத்தின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்தே அபுதாபிக்குப் புறப்பட்டது. வளைகுடாவில் உழைப்போரை மனத்திற்கொண்டு தொடங்கிய அந்நிறுவனத்தின் விமானங்களில் அன்று வகுப்புப் பிரிவில்லை. அனைவர்க்கும் ஒரே வகை இருக்கை. 2022-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. 1935-ஆம் ஆண்டு அஞ்சல் பையோடு பறந்த அதே இல்லத்துக்கு வழி மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம். பின்னர் வாங்கிய சில விமானங்களில் அகன்ற வணிக வகுப்பு இருக்கைகளும் இடம்பெற்றன. மலிவு நிறுவனமும் இடைவகுப்பை நாடும் காலம் நம் வாயிலுக்கும் வந்துவிட்டது.

ஆகவே, வித்துராவிலிருந்து தாயை அனுப்ப எண்ணும் மகனுக்கு வரலாறு கூறும் விடை இது: நிறுவனத்தின் பெயர் சிறியது என்பதால் மட்டும் அஞ்ச வேண்டா, விலை குறைவு என்பதால் மட்டும் மயங்கவும் வேண்டா. பயணம் முழுதும் ஒரே சீட்டில் அடங்குகிறதா, இடைநிலையத்தில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், படுக்கை உண்மையாகவே சமதளமாக விரியுமா, நிறுவனம் பல்லாண்டு நிலைத்து நிற்கிறதா என்னும் நான்கையும் விசாரித்து அறிக. இடைநிலையத்தில் முதியவர் தனித்து விமானம் மாற வேண்டியிருந்தால், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். இவையெல்லாம் சரியாக இருப்பின் அச்சீட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்த பாட்டனின் வழிவந்த நாம், வானத்திலும் காலை நீட்டிப் படுக்க விரும்புவது ஆடம்பரம் அன்று. தளர்ந்த உடலின் இயல்பான தேவை. அதனை நமக்குச் சற்றேனும் எட்டும் விலையில் வைத்தவர்களுள் பெயரறியாச் சிறு நிறுவனங்களும் உண்டு என்பதை நன்றியோடும் விழிப்போடும் நினைவில் கொள்வோமாக.