பனிமலைச் சிலந்திகள்



சோழவந்தான் பக்கம் நடவு முடிந்து சில வாரங்களான வயலின் வரப்பில் விடியற்காலையில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று, வலை பின்னாமல், தண்ணீரின் மேலும் பயிரின் தூரிலும் ஓடித் திரிவதைக் காணலாம். புகையான் பூச்சியைத் தின்று உழவனுக்கு உதவும் இதனை ஓநாய்ச் சிலந்தி என்பர். பெண் சிலந்தி தன் முட்டைகளைச் சிறு பையாகக் கட்டி, உடலின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டே அலையும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது, “ஐயா, இமயமலைப் பனியிலும் சிலந்தி இருக்குமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். “ஈ இல்லாத இடத்தில் சிலந்திக்கு என்ன வேலை? உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். என் விடை பிழையென்று நான் படித்தறிந்தபோது அவன் பள்ளியைவிட்டுச் சென்று நெடுங்காலம் ஆகியிருந்தது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பெர்டினாண்டு ஸ்தோலிச்கா என்பவர் இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியில் 1838-இல் பிறந்தவர். 1862-இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அவருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவுண்டு. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் அரியலூர்ப் பகுதியில், கடல் அங்கிருந்த காலத்துச் சங்குகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கின்றன அல்லவா? அவற்றை இனம் பிரித்து, பெயரிட்டு, படங்களுடன் பெருந்தொகுதிகளாக வெளியிட்ட உழைப்பில் பெரும்பங்கு இவருடையது. அந்த வேலைக்கிடையே சிலந்திகளையும் விடவில்லை. இந்தியச் சிலந்திகளைப் பற்றி 1869-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

1873-இல் ஃபார்சைத் என்பவரின் தலைமையில், லடாக் வழியாக, காரகோரம் மலைக்கு அப்பாலுள்ள யார்க்கண்டுக்கு ஒரு தூதுக்குழு புறப்பட்டது. குழுவுக்கு வேண்டியது வாணிப உடன்படிக்கை. உடன் சென்ற ஸ்தோலிச்காவுக்கு வேண்டியவை கல்லும் பறவையும் பூச்சியும். சென்ற வழியெல்லாம் திரட்டினார். உயர்ந்த மலைகளின் மெல்லிய காற்று தம் உடலுக்கு ஒவ்வாதென்பதை முந்தைய பயணங்களிலேயே அவர் அறிந்திருந்தார், அறிந்தும் சென்றார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின் கடுமையாக நோயுற்று, லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் 1874 ஜூன் 19-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு.

அவர் திரட்டிய சிலந்திகள் இங்கிலாந்தில் பிளாக்ஸ்வொர்த் என்னும் சிற்றூரின் பாதிரியாரான ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜிடம் சென்றன. ஊர்க்கோயில் பணிக்கிடையே உலகெங்கிலுமிருந்து வந்த சிலந்திகளை ஆராய்ந்தவர் அவர். ஸ்தோலிச்கா மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1885-இல், அந்த வடதிசைச் சிலந்திகளின் விவரம் நூலாக வெளிவந்தது. பனிநாடு சிலந்தியற்ற நாடன்று என்பதற்கு அது முற்காலச் சான்றுகளுள் ஒன்று.

அதற்கும் மேலே? 1924-இல் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுவின் மருத்துவர் ஹிங்ஸ்டன் ஏறத்தாழ 22,000 அடி உயரத்தில் பாறை இடுக்குகளிலே சின்னஞ்சிறு தாவும் சிலந்திகளைக் கண்டெடுத்தார். செடி கொடி எதுவும் அங்கே இல்லை. பின் எதைத் தின்கின்றன? ஒன்றையொன்று தின்கின்றன என்றார் ஹிங்ஸ்டன். சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்மையே தின்னும் கூட்டம் எத்தனை நாள் நீடிக்கும்? இந்தப் புதிரை லாரன்ஸ் ஸ்வான் என்னும் அமெரிக்க அறிஞர் இமயத்திலேயே ஆராய்ந்து 1961-இல் விளக்கினார். தாழ்நிலத்திலிருந்து காற்று மகரந்தத்தையும் தாவரத் துகளையும் மேலே கொண்டு சேர்க்கிறது. அவற்றை நுண்ணிய துள்ளுபூச்சிகளும் ஈக்களும் உண்கின்றன. அவற்றைச் சிலந்தி உண்கிறது. சமையல் கீழே நடக்க, பந்தி மேலே நடக்கிறது! ஈ இல்லாத இடம் என்று நான் சொன்னதும் தவறு. அந்தச் சிலந்திக்கு வான்லெஸ் என்பவர் 1975-இல்தான் பெயரிட்டார்: யூஃப்ரிஸ் ஆம்னிசூப்பர்ஸ்டெஸ். எல்லாவற்றிற்கும் மேலே நிற்பது என்பது இரண்டாம் சொல்லின் பொருள்.

இமயம் நிற்க, இன்னும் வடக்கே போனால் சிலந்திக் குடும்பங்களின் விகிதமே மாறுகிறது. வெப்ப நாடுகளில் தாவும் சிலந்திகள் மிகுதி. குளிர் நாடுகளிலோ, தரையையொட்டிப் பாய் விரித்தாற்போல் வலை கட்டும் லினிஃபிடே என்னும் குறுஞ்சிலந்திகளே ஆட்சி செய்கின்றன. பிரிட்டனின் ஏறக்குறைய 650 இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இவைதாம். துருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளில் இருபதை ஒட்டிய இனங்களே உள்ளன; அவற்றிலும் இவையே மிகப் பெரும்பாலானவை. பல கடுகளவே இருக்கும். பனிப்போர்வைக்கும் தரைக்கும் இடையிலுள்ள வெளியில் காற்றின் கொடுங்குளிர் எட்டுவதில்லை. அங்கே மாரிக்காலத்திலும் சில நடமாடுகின்றன. உடல் நீரை உறையவிடாத பொருள்களும் அவற்றின் உடலில் உண்டு.

சோழவந்தான் வரப்பில் ஓடுகிறதே, அதன் பேரினம் பார்டோசா. அதே பேரினத்தின் வேறு இனங்கள் இமயத்திலும் உண்டு, துருவத்தருகே கிரீன்லாந்திலும் உண்டு. அங்கே கோடை சில வாரங்களே. முழு வளர்ச்சி அடைய அவற்றிற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஆகையால் அங்குள்ள தாய்ச்சிலந்தி வெயில் விழும் கல்லைத் தேடிப்போய் அமர்ந்து, முட்டைப்பையைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்துச் சூடேற்றுகிறது. மதுரை வெயிலில் நம்மூர்த் தாய்க்கு அந்தக் கவலை இல்லை.