மானிப்பாயும் மொண்டிசோரியும்: இரண்டு வைத்தியர்களின் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை வழியாக மானிப்பாய்க்குப் போகும் வீதியில், எத்தனை பெயர்ப்பலகைகளில் 'மொண்டிசோரி' என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் ஊர்களில் அந்தச் சொல் ஒரு பெண்மணியின் பெயர் என்பதே மறந்து போய்விட்டது. பாலர் பள்ளி என்றாலும் மொண்டிசோரிதான், முன்பள்ளி என்றாலும் மொண்டிசோரிதான். "பிள்ளை மொண்டிசோரிக்குப் போகுது" என்றால் அரிவரிக்கு முந்திய வகுப்பிற்குப் போகிறது என்றே பொருள். வேறொன்றும் இல்லை.

அப்படியான ஒரு பள்ளிக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, கோடு போட்ட கொப்பியில் 'அ'வைப் பக்கம் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் இளஞ்சிவப்புக் கட்டைகளும், உருளைகள் செருகிய மரப்பலகைகளும், மணிகள் கோத்த கம்பிகளும் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பியவை. பிள்ளைகள் இவற்றை எடுப்பதில்லையா என்று கேட்டேன். "எடுத்தால் துலைச்சுப் போடுவினம் ஐயா, திறப்பு அதிபரிட்டை இருக்கு" என்றார் ஆசிரியை. அவர் மீது குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கிடைக்கும் சொற்ப வேதனத்தில் ஒரு கட்டை தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

ஆயினும், கையால் தொடாமல் அறிவு வராது என்ற கருத்து மானிப்பாய்க்குக் கண்ணாடி அலுமாரியில் வந்து சேர்ந்த கருத்தல்ல. மரியா மொண்டிசோரி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே ஒரு வைத்தியசாலையில் நடைமுறையில் இருந்தது. வாசகர்கள் பலர் அறிந்த கதைதான். ஆனால் அதை மருத்துவ வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கல்வி வரலாறாகவும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் மருத்துவப் பணி செய்திருந்தார். அவருக்குப் பின் நேதன் வார்ட் வந்து போயிருந்தார். கிறீன் 1848 இல் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளிகளைப் பார்ப்பதோடு நில்லாமல் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். (அதே 1848 இல்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் மதத்தை மற்றவர் எதிர்த்த காலம். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் படிநிலையான பாடம் வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒரே திசையில் நடந்தன. நாவலரின் பாலபாடங்கள் அதற்குச் சான்று.)

கிறீனின் மாணவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்கள். வைத்தியசாலையே அவர்களது வகுப்பறை. புண்ணைக் கழுவுவதும், கட்டுப் போடுவதும், மருந்து கலப்பதும் பாடத்தின் பகுதிகள். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். கற்றுத் தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிப் போய்விட்டதை அவர் கண்டார். யாருக்காகப் பயிற்சி கொடுத்தாரோ அந்தக் கிராமத்தவனுக்கு வைத்தியன் மிஞ்சவில்லை. விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பி வந்தவர், 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மருத்துவத்தைத் தமிழில் கற்பிப்பதா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர் விவாதித்துக்கொண்டிராமல் நூல்களை ஆக்கத் தொடங்கினார்.

ஏற்கெனவே 1857 இல் பிரசவ வைத்தியம் வெளிவந்திருந்தது. 1867 இல் இரண வைத்தியம். 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும். 1875 இல் கெமிஸ்தம். இவற்றில் சில மானிப்பாயில் அச்சேறின, சில நாகர்கோவிலில். மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களும் கைகொடுத்தார்கள் என்பதை நாம் போதிய அளவு சொல்வதில்லை. அதாவது, படித்துக்கொண்டிருந்தவனே தான் படிக்கும் நூலை ஆக்குவதிலும் பங்குகொண்டான். கலைச்சொல் விஷயத்தில் கிறீன் கடைப்பிடித்த வரிசை இன்றைய கலைச்சொல் குழுக்களும் கவனிக்கத்தக்கது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று தேடு. இல்லையேல் வடமொழியைப் பார். அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுது. 'கெமிஸ்தம்' இந்த மூன்றாவது வழியில் பிறந்த சொல். நமக்கு இன்று சிரிப்பு வரலாம். ஆனால் அதைப் படித்தவன் நோயாளிக்கு மருந்து கொடுத்தான்.

இத்தகைய வேலைக்கு மானிப்பாய் ஏற்ற இடமாக இருந்தது தற்செயல் அல்ல. மிஷனின் அச்சகம் அங்கே இருந்தது. 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை'யும், சந்திரசேகர பண்டிதர் தொகுத்து 1842 இல் வெளிவந்த, 58,000 க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட 'மானிப்பாய் அகராதி'யும் அந்த அச்சகத்தோடு இணைந்த பெயர்கள். அகராதியும் அச்சுக்கூடமும் வைத்தியசாலையும் ஒரே கிராமத்தில் இருந்தன. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்கு இந்த அயல்வாசம் எப்போதும் பொறாமை தருவது.

கிறீன் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873 இல் நாடு திரும்பினார். 1884 இல் காலமானார். 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் தம் கல்லறைக் கல்லில் எழுதும்படி விரும்பியவர் அவர். 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் வளர்ந்தது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு, அதைத் தாங்கிய மனிதர் போனபின் நிலைக்கவில்லை. கிறீன் நினைவு வைத்தியசாலை என்ற பெயர் மட்டும் எஞ்சியது. கவிஞர் அம்பி எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' இல்லாவிட்டால் எங்கள் தலைமுறைக்கு இதுவும் தெரியாமல் போயிருக்கும்.

இனி மற்றைய வைத்தியரிடம் வருவோம். 1870 இல் இத்தாலியில் பிறந்த மரியா மொண்டிசோரி 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே பணிபுரிந்தபோது, பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார்ட், செகுவின் இருவரும் கையாண்ட புலன்வழிப் பயிற்சிகளைப் பயின்று, அவற்றைத் தம் வழியில் விரிவாக்கினார். 1907 ஜனவரி 6 ஆம் நாள் ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதலாவது 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. இன்று மொண்டிசோரி என்றால் கட்டணம் அதிகமான பள்ளி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பிறந்த இடம் சேரி. 1931 இல் லண்டனில் மொண்டிசோரி ஆசிரியர்களிடையே பேசிய காந்தியடிகளும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற கருத்தையே முன்வைத்தார்.

அம்மையார் 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மாரியோ அகமத்நகரில் தடுத்து வைக்கப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் முடங்கினார். 1940 ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அந்நாளையொட்டி மகனை விடுவித்தது அரசு. பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், மூத்த பிள்ளைகளுக்கான கல்வியைப் பற்றிய அவருடைய சிந்தனை முதிர்ச்சி பெற்றது. ஒரு இலையையோ ஒரு பூச்சியையோ பிடித்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் பாடத்தைக் கொண்டுபோகும் முறை அங்கே உருவாயிற்று. அந்தப் பள்ளியில் அவருக்குத் துணை நின்றவர்களுள் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் கலிபோர்னியா சென்று அங்கே ஆசிரியர்களைப் பயிற்றியவர் அவர்.

நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த 1944 இல் மொண்டிசோரி இலங்கைக்கு வந்து கொழும்பில் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழுவின் அறிக்கை வெளிவந்தது 1943 இல். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945 இல். இடையில் இவர் வருகிறார். தாய்மொழியில் ஆரம்பக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் கல்வி என்ற பேச்சு நாடெங்கும் நடந்த வேளை அது. யாழ்ப்பாணத்தில் அப்பேச்சை 1920 களிலேயே தொடங்கிவைத்தது வாலிபர் காங்கிரஸ். அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம், பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், மானிப்பாய் மண்ணின் மைந்தர். காந்தியடிகளை 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அந்தக் காங்கிரஸ்தான்.

ஏடு தொடக்கிய நாள் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய பச்சரிசியில், பெரியப்பா என் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். அரிசியின் சொரசொரப்பு விரலில் ஏறியது. மொண்டிசோரி அம்மையாரின் எழுத்தட்டைகளைப் பல்லாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த உணர்வே திரும்பி வந்தது. வழவழப்பான பலகையில் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்து. குழந்தை விரலால் அதன் வழியே போகிறது. கை அறிந்தபின் பென்சில் வருகிறது. எங்கள் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியதும் இதுவே. 1789 இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797 இல் லண்டனில் நூலாக்கினார். தமிழரை ஆங்கிலேயர் மலபாரிகள் என்றே அக்காலத்தில் அழைத்தனர். இங்கிருந்து போன சரக்கு, 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

எல்லாம் நம்மிடம் இருந்தன என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளியில் மணல் இருந்தது போலவே பிரம்பும் இருந்தது. பிள்ளை தானே தேர்ந்தெடுக்கட்டும், ஆசிரியர் ஒதுங்கி நின்று கவனிக்கட்டும் என்ற எண்ணம் அங்கு இருக்கவில்லை. அதைத் தந்தவர் மொண்டிசோரியே. நமது பெயர்ப்பலகைப் பள்ளிகள் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டு அந்த எண்ணத்தை அலுமாரியில் பூட்டிவிட்டன என்பதே என் ஆதங்கம். மணலையும் விட்டோம், எழுத்தட்டையையும் எடுக்கவில்லை, கொப்பிதான் மிஞ்சியது.

இதற்கு ஆசிரியையோ அதிபரோ முழுக் காரணம் அல்லர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நாடு முழுவதும் பெற்றோரை ஆட்டிப்படைக்கிறது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளையைக் கைதூக்கிவிட ஏற்பட்ட பரீட்சை, பத்து வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏறிய பாரமாகிவிட்டது. அந்த நிழல் நான்கு வயது வரை நீளுகிறது. கொப்பியில் எழுத்து இல்லாமல் பிள்ளை வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கு ஒண்டும் படிப்பிக்கேல்லையோ?" என்று கேட்பவர்கள் நாம்தான்.

மாற்றம் முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தையும் மொண்டிசோரி முறையின் கூறுகளையும் கொண்டு ஒரு மாற்றம் தொடங்கியது. 2007 இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள்; கரும்பலகை அவர்களுடைய கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது; அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் படித்தார்கள். குறைகள் இருந்தன, விமர்சனங்களும் எழுந்தன. ஆனால் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் அது நடந்தது.

வளர்ந்தோர் பக்கமும் இம்முறை போயிருக்கிறது. 1990 களில் அமெரிக்க உளவியலாளர் கமரூன் காம்ப், நினைவு மங்கிய முதியவர்களிடையே மொண்டிசோரி முறைப் பயிற்சிகளைக் கையாளத் தொடங்கினார். மறந்துபோனதை நினைவூட்டிக் களைப்பதை விட்டு, கைக்கு இன்னும் தெரிந்த வேலையைக் கொடுப்பது அவருடைய வழி.

டொரொன்டோவில் வாழும் நண்பர் ஒருவரின் தாயார் மானிப்பாய்ப் பக்கத்தவர். எண்பதைத் தாண்டியவர்; நினைவு மங்கியவர். பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு ஆங்கிலப் படம் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னபோது, மரியாதைக்காக அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். மகள் ஒருநாள் தமிழ்க் கடையில் சுளகு ஒன்றும், கொஞ்சம் உழுந்தும் பயறும் வாங்கிவந்து, இரண்டையும் கலந்து மடியில் வைத்தார். அம்மா சுளகை ஒருமுறை புடைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்றுவிடாமல் தெரிந்து பிரித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் நிமிர்ந்து, "இன்னும் கிடக்கோ, பிள்ளை?" என்று கேட்டாராம்.