முதலில் போனவர் யார்?

டெட்ராய்ட் என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று மோட்டார் கார், மற்றொன்று குற்றம். ஹென்றி ஃபோர்டின் ஊர் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னார்கள். பிற்பாடு, பொழுது சாய்ந்தால் தெருவில் இறங்கக்கூடாத ஊர் என்று சொன்னார்கள். கதை எழுதுகிறவனுக்கு ஓர் இருட்டுத் தெரு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தத் தொழிலைச் செய்கிறவன் என்பதாலேயே, அந்தத் தெரு எப்படி இருண்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை உண்டாயிற்று.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “திருட்டும் கொலையும் பெருகின, ஜனங்கள் பயந்து ஓடினார்கள், கடைகள் மூடிவிட்டன.” கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கதை வேறு வழியில் போகும்.

ஜோஸப் ஹட்ஸன் என்ற வியாபாரி 1881-ல் அந்த நகரில் ஒரு துணிக்கடை வைத்தார். அது வளர்ந்து வுட்வர்ட் அவென்யூவில் 25 மாடிக் கட்டடமாக நிமிர்ந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கின் மேஸீஸ் கடை ஒன்றுதான் அதைவிடப் பெரியது. குண்டூசி முதல் கட்டில் வரை அங்கே வாங்கலாம். கிறிஸ்துமஸ் வந்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போகாத குடும்பம் குடும்பமே இல்லை என்று அந்த ஊரார் நினைத்தார்கள். 1909-ல் ஒரு கார்க் கம்பெனிக்கும் ஹட்ஸன் பணம் கொடுத்து உதவினார்; அந்தக் காருக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். தம் கடைத்தெருவைக் காலி செய்யப்போகும் வாகனத்துக்குத் தாமே முதல் போட்டோம் என்று அந்த மனிதர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

1950-ல் டெட்ராய்டின் ஜனத்தொகை பதினெட்டரை லட்சம். 1960-ல் அது பதினாறே முக்கால் லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பத்தே வருஷத்தில் ஏறக்குறைய 1,80,000 பேர் குறைந்துபோனார்கள். புதிதாகப் போட்ட நெடுஞ்சாலைகளும், புறநகரில் வீடு வாங்கச் சுலபமாகக் கிடைத்த கடனும் வெள்ளைக்காரக் குடும்பங்களை நகர எல்லையான எட்டாவது மைல் சாலைக்கு அப்பால் கொண்டுபோயின. கறுப்பின மக்களுக்கோ அந்தக் கடன் கிடைக்கவில்லை. அது மட்டுமா? அவர்கள் கடையும் கொட்டகையுமாக நடத்திவந்த ஹேஸ்டிங்ஸ் தெருவையே இடித்து அதன்மேல் நெடுஞ்சாலை போட்டார்கள்.

இனி, முக்கியமான தேதிக்கு வருகிறேன். 1954 மார்ச் மாதம் எட்டாவது மைல் சாலையைத் தாண்டியதும் ‘நார்த்லண்ட்’ என்ற பிரம்மாண்டமான அங்காடி திறக்கப்பட்டது. சுற்றிலும் கார் நிறுத்தும் மைதானம். நடுவில் ஒரு பெரிய கடை. அது யாருடைய கடை? ஹட்ஸனுடையதேதான்! அங்காடியைக் கட்டுவித்ததும் அவர்களே. திட்டம் போட்டுக் கொடுத்தவர் விக்டர் க்ரூயன் என்ற வியன்னாக்காரர். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். தம் ஊர்ச் சதுக்கங்களைப்போல ஜனங்கள் கூடிக் களிக்கும் இடமாக அது அமையும் என்று அவர் நம்பினார். ஜனங்கள் கூடத்தான் செய்தார்கள். ஆனால் பழைய கடைத்தெருவில் கூட்டம் குறைந்தது.

ஊரே நடுங்கிய கலகம் 1967 ஜூலையில் நடந்தது. ஐந்து நாட்களில் 43 பேர் மாண்டார்கள். நார்த்லண்ட் திறந்து அதற்குள் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனவே முதலில் போனவர்கள் வாடிக்கைக்காரர்களும் கடைக்காரருமே. பயம் பின்னால்தான் வந்தது. வந்த பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1970-களில் கொலைகள் உண்மையிலேயே பெருகின. இருந்தவர்களையும் அந்தப் பயம் விரட்டியது. ஆள் நடமாட்டம் உள்ள தெருவுக்கு அந்த நடமாட்டமே காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-லேயே எழுதிவைத்தார். டெட்ராய்டில் அந்தக் காவலைத்தான் முதலில் எடுத்துவிட்டார்கள்.

1977-ல் ஆற்றங்கரையில் ‘மறுமலர்ச்சி மையம்’ என்று கோபுரங்களை எழுப்பினார்கள். அவை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டைபோல நின்றன. கோட்டைக்குள் இருப்பவன் கடைவீதிக்கு எதற்கு வருகிறான்? 1983 ஜனவரியில் வுட்வர்ட் அவென்யூ ஹட்ஸன் கடை மூடப்பட்டது. 1998 அக்டோபரில் வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள். 2013-ல் நகரமே திவாலாயிற்று.

அப்புறம் ஒரு திருப்பம். அடமானக் கடன் வியாபாரியான டான் கில்பர்ட் 2010-ல் தம் கம்பெனி ஊழியர்களை நகரின் நடுவுக்குக் கொண்டுவந்தார். காலிக் கட்டடங்களை வாங்கிக் குவித்தார். பழைய ஹட்ஸன் மனையிலே புதிய கோபுரம் எழுந்தது. கண்ணாடி அலமாரிகளில் மறுபடியும் விளக்கு எரிந்தது. 2023-ல் கொலைகள் 252. 1966-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. 1957-க்குப் பின் முதல் தடவையாக ஜனத்தொகையும் அந்த வருஷம் சற்றே ஏறியது. நார்த்லண்டோ 2015-லேயே மூடிவிட்டது!

சந்தோஷமான முடிவு என்று பேனாவை மூடிவிடலாம். ஆனால் ஒரு சம்பவம் தடுக்கிறது. மறுமலர்ச்சியின் சின்னமாகக் கொண்டாடப்பட்ட ஷினோலா கடையில் 2018-ல் ஐந்து கைக்கடிகாரங்கள் களவு போயின. கடைக் காமிராவில் விழுந்த முகத்தை யந்திரத்திடம் காட்டினார்கள். அது ஓர் அப்பாவிக் கறுப்பின மனிதரைச் சுட்டியது. 2020 ஜனவரியில், மனைவியும் சிறு பெண்களும் பார்த்திருக்க, வீட்டு வாசலிலேயே அவருக்கு விலங்கு மாட்டினார்கள். சுமார் முப்பது மணி நேரம் காவலில் வைத்தார்கள். வழக்குத் தொடுத்து 2024-ல் அவர் நஷ்டஈடு பெற்றார்; யந்திரம் சொன்னதை மட்டும் நம்பிக் கைது செய்யக்கூடாது என்ற விதியும் வந்தது.

மனிதக் கண்கள் இருந்த இடத்தில் இப்போது யந்திரக் கண்கள். தெரிந்த முகங்கள் பார்த்தபோது அது ஒரு கடைத்தெரு. தெரியாத கண்ணாடி பார்க்கும்போது அது வேறு என்னவோ. விளக்கைத் திரும்ப ஏற்றப் பணமுள்ள ஒரு மனிதர் போதும். அந்த வெளிச்சத்தில் நின்று, ஒன்றும் வாங்காமல் வேடிக்கை பார்க்கும் ஏழையைக்கூட யாரும் சந்தேகிக்காத நாள் என்று வருகிறதோ, அன்றைக்குத்தான் ஹட்ஸனின் தெரு திரும்பிவிட்டது என்பேன்.