மோகினிக்கு எந்த விகுதி? பால்மாற்றக் கதைகளும் படக்குறிப்பின் இலக்கணமும்

மும்பையின் டிராம்பே பகுதியில் உள்ள சீத்தா கேம்ப், 1976இல் உருவான குடியிருப்பு. நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்தோர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் புழங்கும் இத்தகைய இடத்தில் மொழியியல் மாணவர் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. ‘நான் போனேன்’ என்னும் தமிழ்த் தொடர், பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டாது. அதையே இந்தியில் சொல்ல வேண்டுமாயின் ஆண் ‘மைன் கயா’ என்பார். பெண் ‘மைன் கயீ’ என்பார். மராத்தியிலும் ‘மீ கேலோ’, ‘மீ கேலே’ என்று பிரியும். படர்க்கைக்கு வந்தால் தமிழ் இந்தியைவிடக் கண்டிப்பானது. ‘அவன் போனான்’, ‘அவள் போனாள்’ எனப் பெயரிலும் வினையிலுமாக இருமுறை பாலைக் காட்டிவிடுகிறது.

ஆண் பெண்ணாக மாறும் கதையைப் படமாக்கி, அதன்கீழ்க் குறிப்பும் எழுத முனைவோருக்கு இந்த இலக்கணம் உடனே சிக்கலாகிறது. அசையாத படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டவல்லது. மாற்றமோ இரு கணங்களுக்கு இடையே நிகழ்வது. ஆகவே மாற்றத்தைச் சொல்லும் பொறுப்பு குறிப்பின்மேல் விழுகிறது. தமிழில் அப்பொறுப்பு இறுதியில் வினைவிகுதியில் வந்து நிற்கிறது.

இச்சிக்கல் இணையத்தோடு பிறந்ததன்று. சிதம்பரம் நடராசர் கோயிலின் சிவகாமசுந்தரி சந்நிதியில் நாயக்கர் காலத்து விதான ஓவியங்கள் உள்ளன. பிச்சாடனராக வந்த சிவனும் மோகினி வடிவெடுத்த திருமாலும் தாருகாவனம் புகுந்த கதை அவற்றில் தீட்டப்பட்டுள்ளது. உடன் தமிழ்க் குறிப்புகளும் எழுதப்பட்டுள்ளன. கதை அறியாதவர் கண்ணுக்கு அங்கே தெரிவது பேரழகி ஒருத்தியும் அவள்பால் மயங்கிய முனிவர்களுமே. அவள் திருமால் என்பதைத் தூரிகை தனித்துச் சொல்ல இயலாது. சொல்லும் வழிகள் இரண்டு: ஒன்று, காட்சிகளை நிரல்பட அடுக்குவது, மற்றொன்று, எழுதுவது.

நாயக்கர் காலச் சுவரோவியக் குறிப்புகளில் ‘இன்னார் இன்னது செய்கிறது’ என்னும் வாய்பாடு காணப்படுகிறது. இன்றைய வாசகருக்கு இது ஒருமை பன்மை மயக்கமாகவோ மரியாதைக் குறைவாகவோ தோன்றலாம். உண்மையில் இங்குள்ள ‘செய்கிறது’, ‘செய்வது’ என்பதைப் போன்ற தொழிற்பெயர். செய்தவரின் பாலை அது காட்டுவதில்லை. காட்சியில் நிகழும் செயலுக்குப் பெயரிடுகிறது. அரசனுக்கும் முனிவருக்கும் தேவிக்கும் ஒரே முடிபு. பால்மாற்றக் கதைக்கென அமைத்த உத்தி அன்று இது. ஓவியக் குறிப்பின் பொதுநடை. ஆயினும் மோகினிக்கு எந்த விகுதி இடுவது என்னும் கேள்வியே எழாதவாறு இந்நடை காத்துவிடக் கூடியது.

இலக்கண மரபு இக்கேள்வியை மிக முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பியக் கிளவியாக்கம் திணையும் பாலும் வகுத்த கையோடு, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்துப் பேசுகிறது. இவற்றுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே ஏற்றுவரும் என்பது அதன் கருத்து. இவ்விரண்டும் ஒருங்கே வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. மோகினி தெய்வம், வடிவம் திரிந்தவரும்கூட. தனி ஈறு இல்லாமை குறையாகக் கருதப்படவில்லை. அஃறிணைக்குத் தள்ளவும் அது காரணமாகவில்லை.

படம் கோயில் விதானத்தினின்று அச்சுத்தாளுக்கு இறங்கியபோது நிலை மாறியது. 1894இல் இரவிவர்மாவின் கல்லச்சுக்கூடம் பம்பாயின் கிர்காவில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வெளிவந்த வண்ணப்படங்களுள் மோகினி ஊஞ்சலாடும் படமும் ஒன்று. இங்கே முன்காட்சியும் இல்லை, பின்காட்சியும் இல்லை. வினையும் இல்லை, எஞ்சியது பெயர் மட்டுமே. சுவரில் தொடர்கதையாக இருந்தது தாளில் தனிப்படமாயிற்று. ‘மோகினி’ என்னும் ஒற்றைச் சொல்லை அறிந்தவருக்கு அது திருமாலின் படம். அறியாதவருக்கு ஊஞ்சலாடும் பெண்ணின் படம். முழு மாற்றமும் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் மடிந்துவிட்டது.

அச்சுத்தொழிலிலிருந்து திரைக்கு வந்த தாதாசாகேப் பால்கே 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வைத் தாதரில் படமாக்கினார். பேசாப்படம் என்பது ஒருவகையில் எழுத்து அட்டைகள் இடையிட்ட படவரிசையே. நடிக்கப் பெண்கள் முன்வராமையால் தாராமதியாக அண்ணா சாளுங்கே என்னும் ஆடவர் நடித்தார். 1917இல் வந்த ‘லங்கா தகன்’ படத்தில் அவரே இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். இதற்கிடையே பால்கே எடுத்த ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் மோகினியாக நடித்தவர் கமலாபாய் கோகலே என்னும் பெண். பெண்ணைப் பற்றிய கதையில் உடல் ஆணுடையது. ஆண் பெண்ணாகும் கதையில் உடல் பெண்ணுடையது. இரண்டிலும் உடலுக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான தொலைவைப் பார்வையாளர் கடக்கத் துணைநின்றவை அட்டையில் இருந்த எழுத்தும் முன்னறிந்த கதையுமே.

இன்று நிழற்படத்தோடு சிறுகதை இணைத்துப் பால்மாற்றப் புனைவு படைப்போரின் பணிமுறை இம்மரபுக்கு அயலானதன்று. முதலில் படம் தேர்வாகிறது. பின்னர் அந்த முகத்துக்கு முன்கதை கற்பிக்கப்படுகிறது. அதன்பின் எந்த இடத்தில் நின்று பேசுவது என்பது முடிவாகிறது. படர்க்கையைத் தேர்ந்தால் ‘ஆன்’ எந்த வரியில் ‘ஆள்’ ஆகிறது என்பதே கதையின் திருப்பம். பலர்பால் மரியாதை வடிவான ‘ஆர்’ விகுதியைத் தேர்ந்தால் திருப்பம் மறைகிறது, மதிப்பு நிலைக்கிறது. தன்மையைத் தேர்ந்தால் ‘ஏன்’ விகுதி முதல் வரியிலும் கடைசி வரியிலும் மாறாது நிற்கும். உடல் மாறினும் பேசுபவர் ஒருவரே என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது. மோகினி தொன்மத்துக்கு உரியவள்; சாளுங்கே தாமே இசைந்து நடித்தவர். எங்கோ எடுத்த நிழற்படத்தில் இருப்பவரோ தம் முகத்தின்மேல் எழுதப்படும் கதைக்கு இசைந்தவர் அல்லர். குறிப்பெழுதும் கை படத்தில் உள்ளவருக்குப் பால் வழங்கும் கையும் ஆகிறது. அதிகாரம் இருக்கும் இடம் அதுவே.

அவ்வதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட எழுத்தும் தமிழில் உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் ‘நான், வித்யா’ என்னும் தலைப்பில் வெளிவந்தது. அதைத் தழுவிய கன்னடத் திரைப்படத்தின் பெயர் ‘நானு அவனல்ல அவளு’. கன்னடத் தலைப்பு பிறர் இட்ட விகுதியை மறுத்துத் தனக்குரியதை நாட்டுகிறது. தமிழ்த் தலைப்போ விகுதிப் பூசலுக்கே இடமளியாமல், தன்மைப் பெயரையும் தானே தேர்ந்த பெயரையும் அருகருகே வைத்து அமைகிறது. அச்சிட்ட நூலின் அட்டையில், ஒரு முகத்தின் அருகே நிற்கும் அவ்விரு சொற்களும் படக்குறிப்புத்தான். பிறர் எழுதிய குறிப்புகளிலிருந்து அதைப் பிரிப்பது ஒன்றே: படத்தில் இருப்பவரும் எழுதியவரும் இங்கு ஒருவர்.