டோல்ஸ்டோய் பண்ணையில் எழுந்த வீடுகள்

பிறந்த மண்ணை நீங்கி அந்நிய நாட்டிற் குடியேறுவோர் முதலில் தேடுவது தலைக்கு ஒரு கூரையை. கூலி கொடுத்து அதனை அமைப்பதற்குப் பொருளில்லாதவிடத்து அவர்கள் தம் கைகளையே நம்பவேண்டியவராகின்றனர். தென்னாபிரிக்காவிற் குடியேறிய இந்தியர் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது டோல்ஸ்டோய் பண்ணையாகும்.

இதற்கு முன்னோடியாக அமைந்தது பீனிக்ஸ் குடியிருப்பு. 1904 ஆம் ஆண்டில் காந்தியடிகள் டேர்பன் நகருக்கு அண்மையில் 100 ஏக்கர் நிலத்தை 1,000 பவுணுக்கு வாங்கினார். புல் அடர்ந்து பாம்புகள் மலிந்திருந்த அவ்விடத்தில் முதலில் வந்தோர் கூடாரங்களிலேயே தங்கினர். பார்சி ருஸ்தம்ஜி என்னும் வணிகர் பழைய பண்டசாலை ஒன்றின் தகரங்களை உதவினார். 75 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அச்சுக்கூடம் ஒரு மாதத்துக்குள் எழுந்தது. மண் சுவரும் வைக்கோற் கூரையும் உடைய குடிசைகளையே காந்தியடிகள் விரும்பினார். ஆயினும், அவற்றுக்குச் செலவும் காலமும் கூடுதலாகுமென்பதால் வீடுகளும் தகரத்தாலேயே அமைந்தன.

திரான்ஸ்வாலில் நிலைமை இதனினும் கடுமையானது. 1885 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே ஆசியர் நிலவுடைமை கொள்ளுதல் அங்கு தடை செய்யப்பட்டிருந்தது. 1907 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை எதிர்த்து அறப்போர் மூண்டபோது பலர் சிறை புகுந்தனர். அவருள் தமிழர் தொகை பெரிது. உழைப்பவர் சிறையிலிருக்க, அவர்தம் மனைவி மக்கள் வருவாயின்றி வாடினர். மாதந்தோறும் பணம் கொடுத்து அவர்களைத் தாங்கிய நிதியோ குறைந்துகொண்டே வந்தது. குடும்பங்கள் அனைத்தும் ஓரிடத்தில் வாழ்ந்து உழைத்து உண்ணாவிடின் போராட்டமே நின்றுவிடும் என்ற நிலை தோன்றியது.

அந்நேரத்திற் கைகொடுத்தவர் ஹேர்மன் கல்லன்பாக். ஜேர்மானிய யூதக் குடும்பத்திற் பிறந்து ஜோகன்னஸ்பேர்க்கிற் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞராக விளங்கியவர் அவர். 1910 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், தமக்குரிய 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையின்றி வழங்கினார். லோலி புகையிரத நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலும், ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலும் அது இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும் இரு கிணறுகளும் ஒரு சிற்றூற்றும் அங்கிருந்தன. இருந்த வீடோ ஆறு பேருக்கே போதுமானது.

பத்துப் பெண்களும் அறுபது ஆண்களும் தங்கத்தக்க தனித்தனி இல்லங்கள், கல்லன்பாக்குக்கு ஒரு வீடு, பள்ளிக்கூடம், தச்சுவேலையும் செருப்புத் தைத்தலும் நிகழும் தொழிற்சாலை ஆகியன வேண்டியிருந்தன. இயன்றவரை ஏவலாளரை வைத்துக்கொள்வதில்லையென அனைவரும் முடிவு செய்தனர். ஐரோப்பியக் கொத்தர் ஒருவர் அமர்த்தப்பட்டார். நாராயணதாஸ் தமானியா என்னும் குஜராத்தித் தச்சர் கூலி பெறாது உழைத்ததோடு, குறைந்த கூலிக்கு வேறு தச்சரையும் அழைத்து வந்தார். ஏனைய வேலைகளைக் குடியிருப்போரே செய்தனர். விஹாரி என்னும் அறப்போராளி தச்சு வேலையிற் பாதியைத் தாமே முடித்தார். மொரீசியஸிற் பிறந்த தம்பி நாயுடு, துப்புரவுப் பணியையும் நகருக்குச் சென்று பொருள் வாங்கும் பணியையும் ஏற்றார். பாரிஸ்தர் பட்டம் பெற்றிருந்த யோசப் இராயப்பன், புகையிரதத்திலிருந்து சுமைகளை இறக்கி வண்டியில் ஏற்றி இழுக்கும் வேலைக்குத் தோள்கொடுத்தார். ஐந்நூறு யார் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து காவடியில் நீர் சுமந்து வரப்பட்டது.

ஜூன், ஜூலை மாதங்கள் தென்னாபிரிக்காவிற் குளிர்காலமாகும். அக்குளிரிற் கூடாரங்களில் உறங்கிக்கொண்டே அவர்கள் வேலை செய்தனர். மரம் வேண்டிய அளவுகளில் விலைக்குக் கிடைத்தமையால் அதனை அளந்து அறுத்துப் பொருத்துவதே வேலையாயிருந்தது. கதவுகளும் சன்னல்களும் மிகச் சிலவே; சுவரும் கூரையும் தகரம். ஆதலின் ஏறக்குறைய இரண்டு மாதங்களிற் கட்டிடங்கள் முடிந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் கிறிஸ்தவர்களும் அங்கே ஒரே அடுக்களையில் உண்டு வாழ்ந்தனர்.

1913 ஆம் ஆண்டிற் பண்ணை வாழ்வு முடிவுற்றது. அன்று எழுந்த கட்டிடங்கள் இன்று இல்லை. அவற்றைக் கட்டியவர் எவருக்கும் அந்நிலத்தில் ஓரடியேனும் சொந்தமாகியதுமில்லை. எனினும், சிறை சென்றவர் தம் குடும்பத்தை எண்ணி மனம் தளராதிருக்க உதவியவை அத்தகர வீடுகளே. 1913 இன் பெரும் போராட்டத்தின் பயனாக, 1914 இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. அவ்வெற்றியிற் போராளர் சிறைவாசத்துக்கு உள்ள பங்கு, மரம் அறுத்தும் நீர் சுமந்தும் கூரை அமைத்த கைகளுக்கும் உண்டு.